வேலை போனவருக்குப் புத்தி சொல்லாதீங்க, கூடப் போங்க



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். கோபத்தில்தான் எழுதுகிறோம், மறைக்கவில்லை.

எங்கள் பக்கம் ஒருவருக்கு வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டால் போதும், புத்தி சொல்ல ஆட்கள் வரிசையில் வருவார்கள். "சபூர் செய்யுங்க தம்பி" என்பார் ஒருவர். "எல்லாம் நல்லதுக்குத்தான், சொந்தமா ஒரு பிஸ்னஸ் தொடங்குங்க" என்பார் இன்னொருவர். "அப்பவே சொன்னேனே, கவர்மென்ட் வேலைக்குப் போடச் சொல்லி" என்பார் மாமனார். "கட்டாருக்கு விசா பாருங்க" என்பார் மச்சான். பக்கத்து வீட்டுக்காரர் முற்றத்தில் நிற்கும் பைக்கைப் பார்த்துவிட்டு, "இத வித்தா ஆறு மாசம் ஓட்டலாமே" என்பார். இத்தனை பேரில் ஒருவராவது, "கம்பனி உங்களுக்கு எவ்வளவு தர வேணும்?" என்று கேட்டாரா?

கேட்க மாட்டார்கள். ஏனென்றால் வேலை போவதை நாம் ஒரு வெட்கக்கேடாகவே பார்த்துப் பழகிவிட்டோம். போனவருக்கும் வெட்கம், வீட்டாருக்கும் வெட்கம். அந்த வெட்கத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு இருப்பதால் லாபம் யாருக்கு? அவரை வெளியே அனுப்பிய முதலாளிக்கு மட்டும்தான்.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறோம். காலையில் அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் பாதையில் பைக்கில் போகிறவர்கள். பாதிப் பேர் ஆசிரியர்கள். மற்றவர்கள் மருந்துக் கம்பனி ஆட்கள், பிஸ்கட் கம்பனி சேல்ஸ் தம்பிமார், காசு சேர்க்கும் ஃபினான்ஸ் கம்பனித் தம்பிமார், திருக்கோவில் பக்கத்துத் தமிழ் அண்ணன்மார் இரண்டு பேர், ஸ்கூட்டியில் வரும் ராத்தாமார் மூன்று பேர். ஒரே தேத்தண்ணிக் கடையில் நின்று பிளேன்டி குடித்துவிட்டுப் புறப்படுவோம். ஒரு வட்ஸ்அப் குழு உண்டு. எங்கே பஞ்சர் ஒட்டலாம், எந்தப் பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, எங்கே மாடு படுத்திருக்கிறது என்பதுதான் அதில் அதிகம் வரும். சங்கமும் இல்லை, தலைவரும் இல்லை.

"பைக்காரன்கள்" என்று எங்களை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. ஹெல்மட் இல்லாமல் ரேஸ் ஓடி உம்மாவை அழவைக்கும் பொடியன்மார் இருக்கிறார்கள், அது உண்மை. இந்த நாட்டில் வீதி விபத்தில் சாகிறவர்களில் மோட்டார் சைக்கிள்காரர்கள் அதிகம் என்பதும் எங்களுக்குத் தெரியும், வகுப்பில் அதைப் பேசுகிறோம். ஆனால் நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்தான். அவை ரேஸ் ஓட வாங்கப்பட்டவை என்று நினைக்கிறீர்களா? கார் வாங்க வசதி இல்லாதவர், பஸ்ஸை நம்பினால் வேலைக்குப் பிந்திவிடுகிறவர், லீசிங்கில் வாங்கியது அது.

இந்தப் பாதையில் யாரும் யாரையும் தனியே விட்டுப் போவதில்லை. எண்ணெய் முடிந்து ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தால், பின்னால் வருகிறவர் அவருடைய பைக்கின் கால்மிதியில் தன் காலை வைத்துத் தள்ளிக்கொண்டே பெற்றோல் ஷெட் வரை கொண்டுபோய் விடுவார். பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. 2022இல் இது இன்னும் இறுகிவிட்டது. நாள் கணக்கில் வரிசையில் கிடந்தோம். யூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். அதை வைத்துக்கொண்டு பொத்துவிலுக்குப் பள்ளிக்கூடம் போய் வருவது எப்படி? ஒரு நாள் இவர் பைக், மறுநாள் அவர் பைக் என்று சோடி சேர்ந்து போனோம். டேங்கில் குழாயை விட்டுப் போத்தலில் எடுத்துக் கொடுத்தோம். கணக்கு எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

இனி விசயத்துக்கு வருகிறோம். அதற்கு அடுத்த வருடம் எங்களில் ஒரு தம்பிக்கு வேலை போனது. ஏழு வருடம் வேலை செய்த தனியார் கம்பனி. நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் இடம், பெயர் வேண்டாம். ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது பேரைக் கூப்பிட்டு, இந்தக் கிளையை மூடுகிறோம் என்று சொல்லி, ஆளுக்கொரு தாளை நீட்டினார்கள். தாளில் இருந்தது ராஜினாமாக் கடிதம். "எனது சொந்த விருப்பத்தின் பேரில்" என்று தொடங்கி, "எனக்கு வரவேண்டியது எதுவும் இல்லை" என்று முடிந்தது. இப்போதே கையெழுத்துப் போட்டால் இந்த மாதச் சம்பளம் உடனே கைக்கு வரும் என்றார்களாம்.

தம்பி தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்து குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார். எங்களில் ஒருவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற காக்கா. அவரிடமிருந்து உடனே பதில் போனது: "போடாதீங்க. வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிச்சிட்டு வாறேன் எண்டு சொல்லுங்க. சண்டை பிடிக்காதீங்க." ஒன்பதில் ஏழு பேர் போட்டுவிட்டார்கள். தம்பியும் இன்னொருவரும் போடவில்லை.

அந்தக் கையெழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, ஊழியர்களின் வேலையை முடிவுறுத்துவது பற்றியது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அது செல்லாது. ஆணையாளரிடம் போனால் நட்டஈடு கொடுக்க வேண்டி வரும். அதனால்தான் அந்தச் "சொந்த விருப்பம்" அவர்களுக்கு அவ்வளவு அவசரமாகத் தேவைப்படுகிறது. நீங்கள் சம்மதித்ததாக நீங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

பணிக்கொடை இன்னொரு விசயம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேருக்குக் குறையாத இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ராஜினாமா செய்தவருக்கும் உண்டு. மாதம் 60,000 ரூபா எடுத்தவர் ஏழு வருடம் இருந்தால் 210,000 ரூபா. ஒரு குடும்பம் மூச்சு விடுவதற்கான காசு இது. யாரும் போடுகிற பிச்சை என்று நினைக்காதீர்கள். அவர் ஏழு வருடம் வெயிலில் ஓடி உழைத்துச் சேர்ந்தது.

பிறகு ஊழியர் சேமலாப நிதி. சம்பளத்தில் 8 வீதம் நம்மிடம் பிடிப்பார்கள், 12 வீதம் முதலாளி போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். பிடித்ததெல்லாம் போய்ச் சேர்ந்ததா என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? தம்பியின் கணக்கைப் பார்த்தபோது நான்கு மாதக் காசு போய்ச் சேரவே இல்லை. சம்பளச் சிட்டையில் மட்டும் ஒழுங்காகப் பிடித்திருந்தது.

இதையெல்லாம் கண்டுபிடித்தது சபூர் சொன்னவர்கள் இல்லை. பிளேன்டி குடிக்கிற இந்தக் கூட்டம்தான்.

அந்தத் தம்பிக்கு நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. மறுநாள் காலை ஆறரைக்கு வழமை போல அவருடைய வாசலில் ஹோர்ன் அடித்தோம். "எனக்கு எங்க வேலை, நீங்க போங்க" என்றார். "தேத்தண்ணி குடிக்க வேலை தேவையா?" என்று ஏற்றிக்கொண்டு வந்தோம். மூன்று மாதம் அப்படி வந்தார். பெற்றோலுக்கு ஆள் மாறி ஆள் பார்த்துக்கொண்டோம், யார் கொடுத்தது என்று அவரிடம் சொல்லவில்லை. ஒரு அண்ணன் பள்ளிக்கூடத்துக்குக் கொப்பிப் பொதிகள் ஏற்றும் வேலையை வாங்கிக் கொடுத்தார். ஒரு ராத்தா தன் தையல் உடுப்புகளைப் பொத்துவில் கடைகளுக்குக் கொண்டுபோகச் சொன்னார், கூலி பேசித்தான். தொழில் அலுவலகத்துக்கு ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் லீவு போட்டுக் கூடவே போனோம். தனியாகப் போனால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். இரண்டு பேராகப் போனால் கதிரை கிடைக்கும்.

பைக்கை விற்க விடவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய பைக்கின் விலை எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும். அன்று விற்றவர் திரும்ப வாங்கியிருக்க முடியாது. பைக் இல்லாவிட்டால் அடுத்த வேலைக்கும் போக முடியாது. இது தெரியாமல் "வித்துப் போடுங்க" என்பதும், "வீட்டில பைக் நிக்குது, இவருக்கு எதுக்கு உதவி?" என்று பட்டியலில் பெயரை வெட்டுவதும் ஒரே அறியாமைதான். மேசனின் கரண்டியை விற்கச் சொல்வீர்களா?

இப்போது என்ன நிலை? பணிக்கொடை வந்துவிட்டது, தாமதமாக. சேமலாப நிதியின் நான்கு மாதமும் கட்டப்பட்டது. வேலையை நிறுத்திய விசயம் இன்னும் விசாரணையில் இருக்கிறது. தம்பி ஒரு ஹார்ட்வெயாரில் முன்னதை விடக் குறைந்த சம்பளத்துக்கு இருக்கிறார். கையெழுத்துப் போட்ட ஏழு பேரில் நான்கு பேர் பிறகு எங்களிடம் வந்து பணிக்கொடைக்கு எழுதினார்கள். மற்ற மூவர் வரவில்லை. "போனது போகட்டும், அல்லாஹ் தருவான்" என்றார்கள். அல்லாஹ் தருவான், ஐயமில்லை. ஆனால் பைக்கைப் பூட்டிவிட்டுத்தானே நாம் தவக்குல் வைக்கிறோம்? சாவியை அதிலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்குள் போகிறவர் யார்?

அரச சம்பளம் எடுக்கிற எங்கள் கூட்டத்தாருக்கும் ஒரு வார்த்தை. மாதம் தவறாமல் வங்கிக்கு வந்துவிடுவதால் தனியார் வேலைக்காரரை நாம் குறைவாகப் பேசுகிறோம். மாப்பிள்ளை பார்க்கும்போது முதல் கேள்வியே அதுதான். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது நமக்குச் சம்பளம் வந்தது. நம் தெருவிலேயே தனியார் பாலர் பாடசாலையில் படிப்பித்த தங்கச்சிமாருக்கு ஒன்றும் வரவில்லை. அவர்களுக்கு வேலை போனதையே ஊர் கணக்கில் எடுக்கவில்லை, "பொம்புளப் புள்ளதானே, வீட்டில இருக்கட்டும்" என்று விட்டுவிட்டது. அவர்களின் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் மருந்து வாங்கினார்கள் என்பதை யார் கேட்டார்?

ஆகவே கேட்கிறோம். பள்ளிவாசல் நிர்வாகிகளே, வருடத்தில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு ஒரு தொழில் உத்தியோகத்தரை அழைத்துப் பேச வையுங்கள். பெண்களுக்கும் இடம் வையுங்கள். சொந்தக்காரர்களே, புத்தி சொல்வதற்கு முன் நியமனக் கடிதமும் சம்பளச் சிட்டையும் எங்கே என்று கேளுங்கள். வேலை போனவர்களே, வெட்கப்படாதீர்கள். எந்தத் தாளிலும் அந்த இடத்திலேயே கையெழுத்து வைக்காதீர்கள். தொழில் நியாய சபைக்குப் போவதென்றால் வேலை முடிந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஆறு மாதத்தை வீட்டுக்குள் படுத்தே கழித்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இதைப் பகிருங்கள். காலையில் சட்டை போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிற ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். வீட்டில் இன்னும் சொல்லியிருக்க மாட்டார். அவரைக் கண்டால் ஒரு பிளேன்டி வாங்கிக் கொடுத்து, நாளைக்கு எங்கே போக வேண்டும், நானும் வருகிறேன் என்று சொல்லுங்கள்.