மர ஏடும் ஓலை ஏடும்

பழைய மோட்டார் வண்டியின் முன்பலகையைப் பற்றி, இலக்கிய அன்பர்கள் கூடிப் பேசும் இடத்தில் எழுதுவதற்கு என்ன முகாந்திரம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். முகாந்திரம் உண்டு. நண்பர் ஒருவர் கேட்ட கேள்விக்கு விடை தேடப் போய், நாம் வந்து நின்ற இடம் உ.வே.சாமிநாதையரின் பதிப்பு மேசை. வழியைச் சொல்லிவிடுகிறோம், வந்து சேர்ந்தது சரிதானா என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

வலங்கைமானில் வசிக்கும் அந்த நண்பரிடம் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வண்டி ஒன்று இருக்கிறது. இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையைப் பின்னால் மடக்கிவிடக்கூடிய இங்கிலாந்து வண்டி. 1967-இல் வெளிவரத் தொடங்கிய மூன்றாம் வரிசையைச் சேர்ந்தது. ஸ்பிட்ஃபயரில் வேகமானியையும் பிற அளவிகளையும் சுற்றி மரப்பலகை இடம்பெற்றது அந்த வரிசையில்தான். தமிழ்நாட்டுக்கு இது முற்றிலும் அந்நியமான வண்டியும் அன்று. 1961 முதல் சென்னையில் தயாராகி நம் சாலைகளில் ஓடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் எழுப்பப்பட்டதே ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உரு வரைந்தவர் ஜியோவன்னி மிக்கேலோத்தி என்னும் இத்தாலியர். நம் ஊர் ஹெரால்டுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி என்று கொள்ளலாம்.

நண்பரின் வண்டியில் எஞ்சின் நலம், பலகைதான் நலமில்லை. அளவிகளின் துளையோரங்களில் மரத்தோல் பெயர்ந்திருக்கிறது. மெருகு வெடித்து, கோடையில் காய்ந்த வயலைப் போலக் காட்சியளிக்கிறது. ஓரிடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஏடே இல்லை. நகரத்துப் பட்டறை ஒன்றில் இரண்டு யோசனைகள் சொன்னார்களாம். பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு இங்கிலாந்திலிருந்து புதுப்பலகை தருவிப்பது ஒன்று. அத்தனை செலவு வேண்டாமென்றால் பழைய பலகையை இழைத்துவிட்டு மரக்கோலம் அச்சிட்ட மைக்காவை ஒட்டிக்கொள்வது மற்றொன்று. எது மேல் என்பது நண்பரின் கேள்வி. இரண்டும் வேண்டாம் என்பது நம் கருத்து.

முதலில் அந்தப் பலகை எதனால் ஆனது என்பதைப் பார்ப்போம். வெளியே தெரிவது வால்நட் மரம்; உள்ளே இருப்பது பிளைவுட். கண்ணுக்குத் தெரியும் மரம், கத்தியால் சீவியெடுத்த மெல்லிய படலம். இன்று கிடைப்பவற்றின் கனம் பெரும்பாலும் 0.6 மில்லிமீட்டர்தான். ஆங்கிலத்தில் வெனீர் என்று வழங்கும் இதற்கு, பாலேடு என்பதைப் போல, மர ஏடு என்ற பெயர் பொருந்தும். ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய இரண்டு ஏடுகளைப் புத்தகம் விரித்தாற்போல் வைத்து ஒட்டினால், நடுக்கோட்டின் இருபுறமும் வரிகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக நிற்கும். விலையுயர்ந்த வண்டிகளின் பலகைகளுக்கு அழகு சேர்த்தது இந்த உத்திதான். 1948-இல் வெளியான ஜாகுவார் எக்ஸ்கே 120 திறந்த வண்டியின் முன்பலகை தோலால் போர்த்தப்பட்டிருந்தது. பின்னர் வந்த அதன் மூடிய வடிவத்தில் வால்நட் ஏடு ஏறியது. வெயிலும் மழையும் நேரே விழாத இடத்தில்தான் மர ஏட்டை நம்பி வைக்கலாம் என்பதை அந்தத் தொழிலாளர்கள் அறிந்திருந்தார்கள் போலும்.

நம் காவிரிப் படுகையிலோ வெயிலும் ஈரமும் மாறி மாறி வந்து அதைச் சோதிக்கின்றன. ஐப்பசி கார்த்திகையில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மரம் விரிகிறது. சித்திரையில் கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் முன்பலகையின் சூடு 70 பாகை செல்சியஸை நெருங்கக்கூடும். அப்போது மரம் சுருங்குகிறது. நாரின் நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு, குறுக்குவாக்கில் அதிகம். அடியிலுள்ள பிளைவுட்டோ அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டதால் எந்தப் பக்கமும் அவ்வளவாக அசைவதில்லை. இந்த இழுபறியில் முதலில் தோற்பது பசை, தோற்பது விளிம்புகளில். சூரிய ஒளி மேலுள்ள மெருகைக் கெடுத்து வெடிக்கச் செய்கிறது. வெடிப்பின் வழியே ஈரம் இறங்குகிறது. ஆகவே நண்பரின் பலகை கெட்டிருப்பது அதன் பசையிலும் மெருகிலும்தான். மரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கெட்டது பசை என்றால், தண்டனையை மட்டும் மரத்துக்குக் கொடுப்பது என்ன நியாயம்?

இங்கேதான் உத்தமதானபுரம் நினைவுக்கு வருகிறது. உ.வே.சா.வின் சொந்த ஊரான அது இன்றைய வலங்கைமான் வட்டத்தில், நண்பரின் வீட்டிலிருந்து எளிதில் சென்று வரக்கூடிய தொலைவில் இருக்கிறது. ஐயர் கைக்கு வந்த ஏடுகளும் இப்படித்தான் இருந்தன: விளிம்பு முறிந்தவை, செல்லரித்தவை, நடுவே துளைபட்டவை. 1894-இல் அவர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல பாடல்களில் சொற்கள் சிதைந்திருந்தன. 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் கிடைக்கவேயில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், செய்யுள் இயற்றும் ஆற்றல் உடையவர். விடுபட்ட சீர்களை இட்டு நிரப்புவது அவருக்கு அரிய செயல் அன்று. அவர் அதைச் செய்யவில்லை. சிதைந்த இடத்தில் புள்ளிகளை இட்டார். கிடைக்காத பாடல்களின் எண்களைப் பிற பாடல்களுக்குக் கொடுத்து மறைக்கவுமில்லை. இன்றும் நாம் 266-இலிருந்து 269-க்குத் தாண்டித்தான் படிக்கிறோம். அந்தப் புள்ளிகள் இருப்பதனால்தான் மற்ற சொற்களை நாம் ஐயமின்றி நம்புகிறோம்.

பழம்பொருளைச் செப்பனிடுபவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை என்பதே நம் துணிபு. எஞ்சியதைக் காப்பது, இல்லாததை மட்டும் சேர்ப்பது, சேர்த்தது எது என்பதை மறைக்காமல் இருப்பது என்ற மூன்றும் அதில் அடங்கிவிடுகின்றன. பலகைக்கு இதை எப்படிப் பொருத்துவது என்று கேட்டால் அதற்கும் வழி உண்டு.

மின்கலத்தின் இணைப்பை நீக்கி, ஒவ்வொரு கம்பிக்கும் சீட்டுக் கட்டி, நிழற்படம் எடுத்த பிறகே பலகையைக் கழற்றவேண்டும். அளவிகளை எடுத்ததும் அவற்றின் வளையங்களுக்கு அடியில் கூர்ந்து பார்க்கவேண்டும். வால்நட் ஒளி பட்டால் வெளிறும் இயல்புடையது. வளையம் மூடியிருந்த இடத்தில்தான் மூலநிறம் அழியாமல் இருக்கும். பாடபேதம் பார்ப்பவருக்குப் பழைய பிரதி கிடைத்த மாதிரி அது. அடுத்து, மெருகு எவ்வகை என்பதை மறைவான ஓரத்தில் சோதிக்கவேண்டும். ஸ்பிரிட் தோய்த்த துணிக்குக் கரைந்தால் அரக்கு மெருகு. கரையாவிட்டால் பின்னாளைய செயற்கை மெருகு, அதை மெல்லச் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான பலகைகள் உயிரிழக்கின்றன. அவசரத்தில் உப்புத்தாளைக் கையிலெடுத்து நாலு இழுப்பு இழுத்தால், அரை மில்லிமீட்டர் ஏடு தாங்குமா? கோயில் திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டுச் சுவர்மேல் மணலைப் பீய்ச்சிச் 'சுத்தம்' செய்தவர்களை நாம் கண்டித்தோமே, அதே செயல்தான் இதுவும்.

பெயர்ந்த ஏட்டை நார்ப்போக்கில் மெல்லக் கீறி, உள்ளே பசை செலுத்தி, மெழுகுத்தாள் வைத்து, மரக்கட்டையால் அழுத்தி இறுக்கவேண்டும். பழைய பசை வச்சிரமாக இருந்தால் ஈரத்துணியின் மேல் இளஞ்சூட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தாலே இளகி மீண்டும் பற்றிக்கொள்வதுண்டு. ஏடே இல்லாத இடத்தில் அதே இன மரத்துண்டைப் பதிக்கலாம். அத்துண்டைச் சதுரமாக வெட்டக்கூடாது. மரத்தின் வரியோடு சாய்வாக வெட்டினால் கண்ணை உறுத்தாது. மேலே பூசும் மெருகு, ஒளியைத் தாங்கும் வகையாக இருக்கவேண்டும். அறைகலனுக்கு அழகு தரும் அரக்கு மெருகு, சித்திரை வெயிலில் நிற்கும் வண்டிக்கு ஆகாது. மெருகு காலத்துக்கேற்ப மாறலாம். அடியிலிருக்கும் ஏடு மாறவேண்டியதில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதையும் நம் மண்ணிலிருந்தே எடுத்துவைக்க முடியும். திருவாரூர் ஆழித்தேர் தீக்கிரையாகிப் புதிதாகச் செய்யப்பட்டது. பின் நெடுங்காலம் நின்றுகிடந்து 1970-இல் மீண்டும் ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரங்களையும் நீரழுத்தத் தடையையும் பொருத்தித் தந்தது. அதனால் அது ஆரூர்த் தேர் இல்லையென்று யாராவது சொன்னார்களா? மரம் புதிதானாலும் தேர் பழையதுதானே? பலகைக்கு மட்டும் ஏன் இத்தனை ஆசாரம் என்று கேட்பவர்களுக்கு என்ன விடை?

விடை, அப்பொருளின் பணியில் இருக்கிறது. தேரின் மரம் பாரம் சுமக்கிறது. உளுத்த சட்டத்தை வைத்துக்கொண்டு வடம் பிடித்தால் உயிர்கள் போகும், மாற்றியே தீரவேண்டும். அந்த நியாயத்தை நண்பரின் வண்டிக்கும் தாராளமாகப் பொருத்தலாம். தடைக்குழாய், சக்கரம், காப்புருகி அற்ற பழைய மின்கம்பி ஆகியவற்றைத் தயங்காமல் மாற்றட்டும். ஆனால் மர ஏடு எதையும் சுமக்கவில்லை. கண்ணுக்கு விருந்தாக இருப்பதும், யாரோ ஒரு தொழிலாளி அந்த இரண்டு வரிகளைத் தேர்ந்து ஒட்டினார் என்பதற்குச் சாட்சியாக இருப்பதுமே அதன் வேலை. சாட்சியை மாற்றிவிட்டு வழக்கை நடத்த முடியாது.

தஞ்சை வீணை இதை இன்னும் தெளிவாக்கும். வீணையின் மெட்டுகளைத் தாங்கி நிற்பது தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கருமெழுகு. நாளடைவில் அது இளகும், காயும், சுருதி விலகும். அப்போது மெழுகைக் களைந்து புதிதாகக் கட்டி மெட்டுகளைச் சீர்செய்வார்கள். பலாமரக் குடத்தை யாரும் தூக்கி எறிவதில்லை. எது தேயவேண்டியது, எது நிற்கவேண்டியது என்ற பகுப்பு அந்தத் தொழிலாளர்களுக்குக் கைப்பழக்கத்தில் இருக்கிறது. மெருகும் பசையும் கருமெழுகின் இனம். மர ஏடு பலாக்குடத்தின் இனம்.

ஏடு முழுவதும் மடிந்துபோயிருந்தால் என்ன செய்வது? அப்போது புது ஏடு ஒட்டுவதில் தவறில்லை. ஆனால் அது மரமாக இருக்கவேண்டும், மைக்காவாக இருக்கக்கூடாது. காஷ்மீரத்து வால்நட் நம் நாட்டிலேயே விளைகிறது. முன்புறம் மட்டும் ஒட்டினால் பலகை வளைந்துவிடும் என்பதால் பின்புறமும் ஓர் ஏடு ஒட்டவேண்டும் என்பதை அறிந்த தச்சரிடம் கொடுக்கவேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். வேலை கொடுப்பவர்கள்தாம் குறைந்துவிட்டார்கள். நண்பர் புதுப்பலகை தருவித்தால் அவருக்குப் பலகை கிடைக்கும், தச்சருக்கு ஒன்றும் கிடைக்காது. பழைய பலகையை அவரிடம் கொடுத்தால், அவரோடு பட்டறையில் நிற்கும் இளைஞன் ஏட்டைத் தூக்காமல் மெருகை எப்படி எடுப்பது என்று கற்றுக்கொள்வான். இந்த விவகாரத்தில் நாம் உண்மையில் இழக்கக்கூடியது அந்தக் கல்விதான். ஒரு பலகை போனால் இன்னொன்று இங்கிலாந்திலிருந்து வரும். அந்தக் கைப்பழக்கத்தை எந்த ஊரிலிருந்து தருவிப்பது?

செப்பனிட்ட பலகை புதுப்பலகையைப் போலப் பளபளக்காது என்பது உண்மையே. பதித்த துண்டு, கூர்ந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். பழைய வண்டிகளின் அணிவகுப்பில் பரிசும் தவறலாம். புறநானூற்றின் புள்ளிகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. அதனால் அந்நூலுக்கு மதிப்புக் குறைந்துவிடவில்லை.

இறுதியாக நண்பருக்கு ஒரு வேண்டுகோள். ஓலை எழுதிமுடித்த பழங்காலத்தவர் கடைசி ஏட்டில் ஆண்டு, மாதம், படியெடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்துவைப்பது வழக்கம். பலகையைத் திரும்பப் பொருத்துமுன் அதன் பின்புறத்தில், எந்த ஆண்டில், யார் கையால், எந்த இடத்தில் புதுத்துண்டு பதிக்கப்பட்டது, என்ன பசை, என்ன மெருகு என்பதை நாலு வரியில் தமிழில் எழுதிவையுங்கள். இன்னும் 50 ஆண்டுகள் கழித்து அதைக் கழற்றப்போகும் தச்சருக்கு அந்த நாலு வரி போதும்.