‘ஹவாய்’ படமும் நம் உபதேசியார்களும்

ஜார்ஜ் ராய் ஹில் இயக்கிய ‘ஹவாய்’ 1966இல் வந்தது. ஏழு ஆஸ்கர் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அந்தப் படத்தை இன்று யாரும் பேசுவதில்லை. மலையகத் தமிழர் அவசியம் பார்க்க வேண்டிய படம் அது.

ஏப்னர் ஹேல் என்ற இளம் போதகர் 1820ஐ ஒட்டி அமெரிக்காவிலிருந்து மனைவியோடு ஹவாய்த் தீவுக்கு வருகிறார். தீவு மக்களின் ஆட்டமும் பாட்டும் அவருக்குப் பாவம். இரக்கமில்லாமல் கண்டிக்கிறார். ஆனால் கூட வந்த மிஷனரிகள் நிலம் சேர்க்கத் தொடங்கும்போது எதிர்த்து நிற்பவரும் அவரே. மிஷனரிகளை அனுப்புங்கள் என்று அமெரிக்காவுக்கே போய்க் கேட்ட தீவின் இளவரசன், வெளியிலிருந்து வந்த சின்னமுத்து நோயில் சாகிறான். அரசி மலமாவாக வரும் ஜோசலின் லகார்ட் அதற்கு முன் நடித்தே அறியாத தஹிதிப் பெண். அவர் பேசும்போது தீவே எழுந்து பேசுகிறது.

நம் மலையகத்தைக் காட்டிய படத்தில் அப்படியொரு குரல் இல்லை. 1954இல் வெளிவந்த ‘எலிஃபண்ட் வாக்’ இலங்கையில் படம்பிடித்த தேயிலைத் தோட்டக் கதை. அதில் தொழிலாளர்கள் கூட்டமாக வருகிறார்கள், காலராவில் சாகிறார்கள். பங்களாவுக்குத்தான் கதை இருக்கிறது, லயத்துக்கு இல்லை.

லயத்தின் கதை நம்மிடம் இருக்கிறது. 1854இல், கோப்பிக் காலத்தில், சர்ச் மிஷனரி சங்கம் கண்டிச் சீமையில் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கியது. திருநெல்வேலியில் ஊழியம் செய்த செப்டிமஸ் ஹாப்ஸ் அதன் பொறுப்பை ஏற்றார். தோட்டம் தோட்டமாக நடந்தவர்கள் திருநெல்வேலி உபதேசியார்கள். பின்னாளில் அவ்வழியே நாசரேத்திலிருந்து வந்தவர் என் பூட்டனார். விடியலில் பிரட்டுக்களத்தில் ஜெபம், அந்தியில் லயத்து இஸ்தோப்பில் பிள்ளைகளுக்கு எழுத்து என்று பாட்டி சொல்வார். துரைக்கு முன்னால் அவர் வாய் திறந்ததில்லை என்பதையும் பாட்டி மறைக்கவில்லை.

மிஷனுக்குப் பணம் தந்தவர்களில் துரைமாரும் இருந்தார்கள். துரை காசில் வேதம் சொல்லிக்கொண்டு, அதே துரையின் கீழ் அல்லல்படும் ஜனங்களின் முகத்தை அந்த மனிதர் எப்படிப் பார்த்தார்? அவரைப் பரிசுத்தவானாக்கினாலும் தவறு, துரையின் கையாளாக்கினாலும் தவறு. எழுத்தும் அவர் கொடுத்ததுதான், மௌனமும் அவருடையதுதான். இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிற துணிச்சல் ‘ஹவாய்’ படத்துக்கு இருந்தது. நம் மேடை நாடகங்களுக்கும் குறும்படங்களுக்கும் அது வர வேண்டும்.

டிக்கோயா வார்லி தோட்டத்தில் 1878இல் கட்டிய கிறிஸ்து ஆலயத்தில் துரைமாரின் கல்லறைகள் பெயரோடு இருக்கின்றன. என் பூட்டனாரை எங்கே அடக்கினார்கள் என்று எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. தகப்பன், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்ட 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் முன் வெறுங்கையோடு நின்ற சமூகம் நாம். பழைய ஆலயங்களின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளில் நம்மவர் பெயர்கள் இருக்கின்றன. மலைக் குளிரின் ஈரம் காகிதத்தை விட்டுவைக்காது. திருச்சபைகள் அவற்றை இப்போதே படமெடுத்துப் பொதுவில் வைக்க வேண்டும். நம் இளம் இயக்குநர்கள் அங்கிருந்து எழுதத் தொடங்கட்டும்.