பியூஸ் போனால் தடித்த கம்பியா?



வீட்டில் பியூஸ் கம்பி உருகி விளக்கு அணைகிறது. உடனே ஒருவர் தடித்த செப்புக் கம்பியைச் செருகுகிறார். விளக்கு எரிகிறது, ஆபத்தோ அப்படியே இருக்கிறது. கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் சில வேளை இதே தவற்றைச் செய்கிறார்கள்.

1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலை எடுத்துக்கொள்வோம். நினைவகம், வட்டு, விசைப்பலகை யாவற்றையும் ஆளும் மைய நிரல்தான் கெர்னல். பெரும்பாலும் 'சி' மொழியில் அமைந்த அதைக் கம்பைலர் இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. அப்படி மாற்றும்போதே தவறுகளைப் பிடிக்க 'பில்ட் பக் ஆன்' என்ற சோதனை உண்டு. அதன் பழைய உத்தி வேடிக்கையானது. நிபந்தனை பிசகினால் ஓர் அணியின் நீளம் −1 என்று வரும்படி எழுதிவைத்தார்கள். அப்படி ஓர் அணி இருக்க முடியுமா? கம்பைலர் அங்கேயே நின்றுவிடும். 2011-ஆம் ஆண்டுத் தரநிலை முதல் இதற்கென 'சி' மொழியிலேயே தனி வசதி வந்துவிட்டது.

இது எதற்கு உதவும்? 4 பைட் எண் ஒன்றையும், அதையடுத்து 8 பைட் எண் ஒன்றையும் ஒரு தொகுப்பாக வைப்போம். 32 பிட் இன்டெல் கணிப்பொறியில் லினக்ஸ் இதற்கு 12 பைட் ஒதுக்கும். 64 பிட் கணிப்பொறியிலோ 8 பைட் எண் 8-இன் மடங்கான இடத்தில் தொடங்க வேண்டும். ஆகவே நடுவே 4 பைட் வெற்றிடம் விழுந்து, மொத்தம் 16 ஆகிறது. 32 பிட் நிரல் இத்தொகுப்பை 64 பிட் கெர்னலுக்கு அப்படியே கொடுத்தால், இரண்டாவது எண் தவறான இடத்திலிருந்து படிக்கப்படும்!

"அளவு 16 தானா?" என்ற சோதனை இருந்தால், 32 பிட் கணிப்பொறிக்காக மொழிமாற்றும்போதே வேலை நின்றுவிடும். அச்சோதனை வரியை அழித்துவிடுவது ஒரு நொடி வேலை. ஆனால் தவறு பின்னர் யாரோ ஒருவர் கணிப்பொறியில் வெளிப்படும். காரணம் தேடி நாட்கணக்கில் அலைய நேரும். சரியான வழி, அந்த வெற்றிடத்தில் 4 பைட் நிரப்பு உறுப்பு ஒன்றை நாமே வைப்பது. இரண்டு கணிப்பொறியிலும் அளவு 16 ஆகிவிடும்.

சோதனையே தவறாக இருக்கலாமல்லவா? இருக்கலாம். நினைவக முகவரி 4 பைட் என்றே கருதி எழுதிய சோதனை, 64 பிட் கணிப்பொறியில் வீணாகத் தடுக்கும். அப்போது நிபந்தனையைத் திருத்துங்கள். திருத்திய காரணத்தையும் அருகிலேயே எழுதுங்கள்.

வேலை நின்றதும், "எப்படி ஓடவைப்பது?" என்று கேட்காதீர்கள். "ஏன் நின்றது?" என்று கேளுங்கள்.