காற்று எங்கே போகிறது?

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலத்தடி நீரின் அழுத்தத்தைக் குறைக்க இரவு பகலாக பம்புகள் ஓடுகின்றன. டவுன்ஷிப் பிள்ளைகளின் பம்ப் துப்பாக்கிக்கோ அழுத்தம் குறைந்தால் ஆட்டமே முடிந்தது. நுரை அம்பு நாலடியில் விழுகிறதா? தூக்கிப் போடாதீர்கள்.

அம்பை எடுத்துவிட்டு, குழல் வாயை விரலால் அடைத்து, பம்பை மெதுவாக அழுத்துங்கள். தடையின்றி உள்ளே போனால் பெரும்பாலும் பிஸ்டன் வளையம்தான் காரணம். அதைக் கழற்றி, பள்ளத்தில் இரண்டு சுற்று டெஃப்லான் டேப் சுற்றி மாட்டினால் இறுகும். வெடித்திருந்தால் அதே அளவில் புதிது வாங்குங்கள். சைக்கிள் பம்பின் தோல் வாஷருக்குத் தேங்காய் எண்ணெய் சரி; ரப்பர் எண்ணெயில் உப்பிவிடும். சிலிகான் கிரீஸ் துளி போதும்.

பெரியவர் பக்கத்திலிருக்க, ஸ்க்ரூவைப் பிள்ளையே கழற்றட்டும். உள்ளே ஸ்பிரிங் துள்ளலாம். அடுத்த பொம்மை கெட்டால், அந்தக் கை ஸ்க்ரூடிரைவரைத்தான் முதலில் தேடும்.