பவர் டேபிளுக்கு மேலே ஒரு பாட்டுப் பெட்டி

பனியன் கம்பெனியில் இருபது வருடம் தைத்தவரைக் கேட்டுப் பாருங்கள். எந்த வருடம் எந்த நாட்டு ஆர்டர் ஓடியது என்பது அவருக்கு நினைவிருக்காது. எத்தனை டஜன் தைத்தார் என்பதும் மறந்திருக்கும். ஆனால் அப்போது என்ன பாட்டு ஓடியது என்று கேளுங்கள். உடனே சொல்லிவிடுவார். எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டு என்பதைக்கூடச் சொல்வார்!

இதற்குக் காரணம் இருக்கிறது. திருப்பூரில் ஒன்றரை ஷிப்டு என்றால் காலை எட்டரை மணி முதல் இரவு எட்டரை மணி வரை. 90 நிமிட ஒலிநாடாவைத் திருப்பித் திருப்பிப் போட்டால், சாப்பாட்டு நேரமும் டீ நேரமும் போக, ஒரு நாளைக்கு ஆறேழு தடவை ஓடும். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது ஒரே பாட்டை நாற்பது தடவை கேட்டு முடித்திருப்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டு மறக்குமா?

ஒலிநாடா வருவதற்கு முன்பு ரேடியோ. 1952-ல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள்! 1957-ல் விவித பாரதியைத் தொடங்கிய பிறகுதான் சர்க்காருக்கு மூச்சு வந்தது. ஆனால் ரேடியோவில் அவர்கள் போட்டதைத்தான் நாம் கேட்க வேண்டும். நாம் விரும்பியதை நாமே போட்டுக் கேட்கலாம் என்ற ராஜ பதவியை ஏழைக்குக் கொடுத்தது ஒலிநாடாதான். பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் அதை வெளியிட்டது. திருப்பூர் பனியன் கப்பல் ஏறிச் சக்கைப்போடு போட்ட 80-களில், கடைவீதியில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடைகளும் சக்கைப்போடு போட்டன. ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுக்க வேண்டும். வெறும் ஒலிநாடாவையும் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துப் போனால் பாட்டு தயார். அந்தத் தாளை எழுதுவதற்குக் காதல் கடிதத்துக்குப் படும் பாடு படுவார்கள்!

கம்பெனியில் அந்தத் தாளை எழுதுகிறவர் யார்? இதில்தான் சண்டை. எங்கள் தெருவில் ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தார். துணியில் கத்தி வைப்பதிலும், பாட்டுப் பெட்டியில் கை வைப்பதிலும் அவருக்கே முதல் உரிமை. அவருக்கு டி.எம்.எஸ். வேண்டும். பவர் டேபிள் பையன்களுக்கு எஸ்.பி.பி. வேண்டும். செக்கிங் பெண்களுக்கு ஜானகி, சுசீலா. கைமடிக்கும் சிறுவனை யாரும் கேட்பதே இல்லை. கடைசியில் ஒரு ராஜி வந்தது. முதல் பக்கம் மாஸ்டருக்கு, மறு பக்கம் மற்றவர்களுக்கு. அந்த மறு பக்கத்தில் கைமடிக்கும் சிறுவனுக்கும் ஒரு பாட்டு கிடைத்தது.

அந்தப் பையன்கள் எந்த ஊர்க்காரர்கள்? மதுரை, திண்டுக்கல், தேனி, ராமநாதபுரம் என்று பல ஊர்களிலிருந்து மஞ்சள் பையோடு வந்து இறங்கியவர்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேலியாக இருந்தது. கொங்கு நாட்டு 'ஏனுங்க' அவர்களுக்குப் புதிது. அவர்களுடைய 'அண்ணே' இவர்களுக்குப் புதிது. ஆனால் ஒரே பாட்டை நாற்பது தடவை சேர்ந்து கேட்டவர்கள் எத்தனை நாள் அந்நியராக இருக்க முடியும்?

மேல்நாட்டு வாலிபர்கள் ராக் சங்கீதத்தின் இசைத்தட்டுகளைச் சொல்லித் தங்கள் இளமையை நினைவு கூர்கிறார்கள். நம் ஊருக்கு ராக் நேராக வரவில்லை. சினிமாப் பாட்டுக்குள் ஒளிந்துகொண்டு வந்தது. 1976-ல் 'அன்னக்கிளி'யில் நாட்டுப்புறப் பாட்டோடு வந்த இளையராஜா, பிறகு மின்சார கிடாரையும் டிரம்ஸையும் அதே சுலபத்தோடு நம் காதில் போட்டார். 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' என்ற ஒலிநாடாவில் தியாகராஜரையும் ஜெர்மனியின் பாக்கையும் ஒன்றாக உட்கார வைத்தார். 1992-ல் 'ரோஜா' வந்தது. ரகுமானின் ஓசை சாதாரண டேப் ரெக்கார்டரையே புதியதாக்கிவிட்டது. பெரியவர்கள், 'இதெல்லாம் பாட்டா, இரைச்சல்!' என்றார்கள். ஓவர்லாக் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இரைச்சலைப் பற்றிப் பேசினார்கள்!

ராக் வளர்ந்த கதையிலும் தொழிற்சாலை வாசனை உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் ஒரு தொழில் நகரம். 1965-ல் அங்கே தகடு வெட்டும் தொழிற்சாலையில் 17 வயதுப் பையன் ஒருவனின் வலது கையில் இரண்டு விரல் நுனிகள் துண்டாகிவிட்டன. பெயர் டோனி அயோமி. இடது கைப் பழக்கம் உள்ளவன். கிடார் கம்பியை அழுத்துவதற்கு அந்த வலது கை விரல்கள்தான் வேண்டும். பையன் மனம் உடைந்து போனான். அப்போது அவனுடைய ஃபோர்மேன் ஓர் இசைத்தட்டோடு வந்தார். அதில் கிடார் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் புகழ் பெற்றவர் அவர். பையன் அதைக் கேட்டான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டான். மெல்லிய கம்பிகளை மாட்டினான். 1970 பிப்ரவரியில் அவனுடைய 'பிளாக் சப்பாத்' குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. உலகம் அதிர்ந்தது. ஒரு மேஸ்திரி கையில் எடுத்து வந்த பாட்டுக்கு எவ்வளவு பலம் பாருங்கள்!

அதே இங்கிலாந்தில், யுத்த காலமான 1940-ல், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கென்றே பி.பி.சி. தினமும் பாட்டு ஒலிபரப்பத் தொடங்கியது. 1967 வரை அது நடந்தது. பாட்டு ஓடினால் வேலையும் ஓடும் என்று கண்டுகொண்டவர்கள் அவர்கள். நம் கட்டிங் மாஸ்டர் இதை யாரும் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தார்.

இன்று நிலைமை என்ன? தையல் ஹாலுக்குள் போய்ப் பாருங்கள். பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் பையன் பீகாரிலிருந்து வந்திருப்பான். ஒரிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். மேலே ஒலிபெருக்கி இருந்தால் அதில் தமிழ்ப் பாட்டு ஓடும். இவர்கள் காதில் வயர் மாட்டியிருப்பார்கள். ஒரே ஹாலில் நாற்பது பேர், நாற்பது பாட்டு! மிஷின் சத்தத்தை மிஞ்சுவதற்காக ஒலியைக் கூட்டிக்கூட்டி, காதும் கெடுகிறது. பக்கத்தில் கூப்பிட்டாலும் கேட்பதில்லை.

காது கெடுவதை விடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. 2023 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோன பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடினார்கள். பீகார் சர்க்கார் அதிகாரிகளே திருப்பூருக்கு வந்து விசாரித்தார்கள். பொய் என்று தெரிந்தது. ஆனால் ஒன்று கேட்போம். பக்கத்து மிஷின்காரனை நன்றாகத் தெரிந்தவன், எங்கிருந்தோ வந்த வீடியோவை நம்பி ஓடுவானா? வருடக்கணக்கில் தோளோடு தோள் உட்கார்ந்தும் நமக்குள் பழக்கம் இல்லை. பாஷை குறுக்கே நின்றது என்பார்கள். பாட்டுக்குப் பாஷை குறுக்கே நிற்காதே!

அவர்கள் பாட்டு ஆபாசம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சில பாட்டுகள் அப்படித்தான். நம்மிடம் அப்படிப்பட்ட பாட்டே கிடையாதா? நல்லதைக் கேட்கலாமே. பிழைப்புக்காகக் கல்கத்தா போன கணவனையும், ஊரில் தனியே தவிக்கும் மனைவியையும் வைத்து பிகாரி தாகூர் என்ற போஜ்புரிக் கலைஞர் 'பிதேசியா' என்ற பாட்டு நாடகம் எழுதினார். தேனியிலிருந்து திருப்பூர் வந்தவருக்கு அந்தத் துக்கம் விளங்காதா? சாரதா சின்ஹா என்ற பாடகி இருந்தார். பீகார் மக்கள் சூரியனை வணங்கும் சத் பண்டிகை அவர் பாட்டு இல்லாமல் நடக்காது. 2024 நவம்பர் 5-ந் தேதி, அந்தப் பண்டிகையின் முதல் நாளிலேயே அவர் காலமானார். அன்று திருப்பூர்த் தையல் ஹால்களில் எத்தனை பிள்ளைகள் வயர் மாட்டிக்கொண்டு தனியாக அவர் பாட்டைக் கேட்டார்களோ! பக்கத்து மிஷினில் இருந்தவருக்கு எப்படித் தெரியும்?

கம்பெனி முதலாளிகளுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது செலவில்லாத யோசனை. பாட்டுப் பெட்டியை மறுபடியும் பொதுவாக்குங்கள். காலையில் தமிழ்ப் பாட்டு, டீ நேரத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் போஜ்புரி, இன்னொரு மணி நேரம் ஒரியா. காதில் வயர் வேண்டாம் என்று அப்போது உரிமையோடு சொல்லலாம். முதல் வாரம் முணுமுணுப்பு இருக்கும். கட்டிங் மாஸ்டருக்கும் பவர் டேபிளுக்கும் நடந்த சண்டையை விடவா அது பெரிது?

தீபாவளிக்கு ஆறாம் நாள் சத் பண்டிகை வருகிறது. ரயிலில் இடம் கிடைக்காமல் ஊருக்குப் போக முடியாத பிள்ளைகள் அன்றும் மிஷினில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவனைக் கூப்பிட்டு, என்ன பாட்டு வேண்டும் என்று கேளுங்கள்.