தறியில இருக்கிறது சேலை இல்ல சாமி!

ரொம்ப நாளா மனசுல இருந்த புகைச்சல். இன்னிக்குக் கொட்டிடறேன். பொட்டி தட்டுற சக பதிவர்கள் நாலு பேராவது சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும். வாங்க, பின்னூட்டப் பெட்டி திறந்துதான் இருக்கு :)

சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். பொதுமக்களுக்குன்னு பைத்தானில் ஒரு நிரல் எழுதினால், அதை இரட்டைச் சொடுக்கில் திறக்கிற எக்ஸியாக மூட்டை கட்டித் தருவது எழுதியவர் வேலை. வாங்கிக்கிறவர் வேலை அல்ல. அதைச் செய்யாத வரை நீங்கள் நிரலை எழுதி முடிக்கவில்லை, பாதியில் எழுந்து போய்விட்டீர்கள்.

இந்த ஞானம் போதி மரத்தடியில் வரவில்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் வந்தது.

எங்க ஊர் அம்மையார்குப்பம். திருத்தணிக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டி. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். எதிர்வீட்டு மாமா சில தறிக்காரர்களுக்குப் பாவு கொடுத்து, கூலிக்கு நெய்து வாங்குகிறவர். யாருக்கு எத்தனை பாவு போச்சு, எத்தனை சேலை வந்துச்சு, அட்வான்ஸில் எவ்வளவு பிடிக்கணும், எல்லாம் ஒரே நீள நோட்டில். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது வாசலில் ஒரு குட்டிப் பஞ்சாயத்து நிச்சயம்.

நம்ம கைதான் சும்மா இருக்காதே. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பைத்தானில் ஒரு கூலிக் கணக்கு நிரல் எழுதினேன். டிகேஇன்டரில் ஜன்னல், பொத்தான் எல்லாம் தமிழில். என் உபுண்டு லேப்டாப்பில் ஜம்மென்று ஓடியது. பென் டிரைவில் போட்டுக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன்.

மாமாவிடம் இருப்பது பையன் படிக்கும்போது வாங்கிய பழைய பொட்டி. விண்டோஸ் 7, 32 பிட், நெட் கிடையாது. என் கோப்பைச் சொடுக்கினால் எதில் திறப்பது என்று என்னையே திருப்பிக் கேட்கிறது. நோட்பேடில் திறந்து காட்டினேன்.

"இன்னாப்பா இது, வெறும் இங்கிலீசா கீது?"

"இல்ல மாமா, மொதல்ல பைத்தான்னு ஒண்ணு போடணும்..."

கையில் இருந்ததோ புது பைத்தான். 3.9-இலிருந்து விண்டோஸ் 7-இல் ஏறாது, 3.8 தான் கடைசி. அது எனக்கு அப்போது தெரியாது. மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"தறியில இருக்கறத காட்டி சேலைன்னா எவன்பா வாங்குவான்? அறுத்து, மடிச்சி எடுத்தா."

நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு ரோஷம். "இந்த ஜனங்க கத்துக்கவே மாட்டாங்க" என்று முனகிக்கொண்டு மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த மூன்று வாரத்துக்கு அப்புறம் வர்றேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திடுவோம். பைத்தானை "கம்பைல் பண்ணி எக்ஸி ஆக்குறது" என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். பைஇன்ஸ்டாலர், பை2எக்ஸி, சிஎக்ஸ்_ஃப்ரீஸ் எதுவும் உங்கள் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவதில்லை. உங்கள் நிரலின் பைட்கோடு, பைத்தான் இன்டர்பிரெட்டர், தேவையான நூலகங்கள், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மூட்டை. வாசலில் ஒரு சின்ன ஆள் நிற்கிறான், பூட்லோடர் என்று பெயர். சொடுக்கினதும் மூட்டையை அவிழ்த்து ஓட்டுகிறான். அவ்வளவுதான். நுயிட்கா மட்டும் கொஞ்சம் வேறு சாதி, நிரலை சி மொழிக்கு மாற்றி நிஜமாகவே கம்பைல் செய்கிறது.

மூட்டைதானே, ஒரு கட்டளையில் முடிந்துவிடும் என்று நினைத்தால், அங்கேதான் ஆப்பு. ரோஷம் அடங்கியதும் நான் வாங்கிய அடிகள், வரிசையாக:

முதல் அடி: உபுண்டுவில் கட்டினால் விண்டோஸ் எக்ஸி வராது. பைஇன்ஸ்டாலர் எந்த இயங்குதளத்தில் ஓடுகிறதோ அதற்குத்தான் கட்டும். நண்பனின் விண்டோஸ் லேப்டாப்பைக் கடன் வாங்கினேன்.

இரண்டாம் அடி: அது 64 பிட். அதில் கட்டிய எக்ஸியை மாமாவின் 32 பிட் பொட்டி ஏற்கவில்லை. அதே லேப்டாப்பில் 32 பிட் பைத்தான் 3.8-ஐப் போட்டு மறுபடி கட்டினேன்.

மூன்றாம் அடிதான் நம்ம தமிழுக்கே உரியது. கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று நான் குறிப்பிடவில்லை. லினக்ஸில் தானாகவே அதுதான். விண்டோஸிலோ பைத்தான் அந்தப் பொட்டியின் குறிமுறையை எடுத்துக்கொள்ளும், நம் ஊர்ப் பொட்டிகளில் பெரும்பாலும் 1252. நம்ம புள்ளி இருக்கே, 'க்' மேலே வைக்கிற புள்ளி, அது யூடிஎஃப்-8இல் மூன்று பைட். அதன் கடைசி பைட்டுக்கு 1252-இல் எழுத்தே கிடையாது. மெய்யெழுத்து உள்ள முதல் பெயரிலேயே நிரல் படுத்துவிட்டது. மெய்யெழுத்து இல்லாமல் தமிழில் எத்தனை பெயர் எழுதிவிட முடியும்?

நாலாம் அடிதான் பயங்கரம். ஒரே கோப்பாகக் கட்டினால், ஒவ்வொரு முறையும் மூட்டை ஒரு தற்காலிக அடைவில் அவிழும். நிரலை மூடினதும் அந்த அடைவே அழிந்துவிடும். நான் கணக்குக் கோப்பை நிரல் இருக்கும் இடத்திலேயே சேமிக்கச் சொல்லியிருந்தேன். அதாவது இன்று போட்ட கணக்கு நாளைக்குக் காணாமல் போயிருக்கும்! நண்பன் லேப்டாப்பில் சோதித்ததால் பிழைத்தேன்.

இந்த நாலு அடியும் யார் வாங்க வேண்டியது? நானா, மாமாவா? "பிப் இன்ஸ்டால் பண்ணிக்கோங்க" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகும் ஒவ்வொருவரும், தான் வாங்க வேண்டிய அடியை அடுத்தவர் முதுகுக்குத் தள்ளிவிடுகிறார். நான் உள்பட.

இப்போ நம்ம ஆட்களின் வழக்கமான வாதங்களுக்கு வருவோம்.

"எக்ஸி கொடுத்தால் அது கட்டற்ற மென்பொருளா?" ஏன் இல்லை? மூலநிரலையும் பக்கத்தில் வையுங்கள். யார் தடுத்தது? பைஇன்ஸ்டாலரே ஜிபிஎல் உரிமத்தில் வருவதுதான். கட்டிய மூட்டையை எந்த உரிமத்திலும் கொடுக்கலாம் என்று தனியாக விலக்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

"சைஸ் பெருசாகுது." ஆகும். ஒரு வரி நிரல்கூட சில எம்பி வரும். பென் டிரைவில் சினிமா ஏற்றிக் கொடுக்கிற ஊரில் இது ஒரு புகாரா?

"வைரஸ்னு சொல்லுதே." சொல்லும். கெட்டவனும் இதே பூட்லோடரைப் பயன்படுத்துகிறான், அதனால் நல்ல மூட்டையும் சில சமயம் மாட்டிக்கொள்கிறது. ஒற்றைக் கோப்பாகக் கட்டாமல் அடைவாகக் கட்டினால் இந்தத் தொல்லை குறையும், திறப்பதும் வேகம். நான் கடைசியில் அப்படித்தான் கொடுத்தேன்.

"மக்கள் கத்துக்கணும்." இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 2000-களில் நாமெல்லாம் பதிவுலகத்துக்கு எப்படி வந்தோம்? இ-கலப்பையை இறக்கி, சொடுக்கி, நிறுவி, தட்டச்சினோம். அப்புறம் என்எச்எம் ரைட்டர், ஆல்ட்+2. அன்றைக்கு யாராவது "முதலில் கம்பைலர் போடுங்க, அப்புறம் தமிழில் எழுதலாம்" என்று சொல்லியிருந்தால் நம்மில் பாதிப் பேர் இங்கே இருக்க மாட்டோம். நமக்கு மட்டும் மடித்த சேலை, மாமாவுக்குப் பாவும் ஊடையுமா?

த.ஸ்ரீனிவாசன் எழுதிய ஓசிஆர்4விக்கிசோர்ஸ், ஸ்கேன் செய்த புத்தகங்களை கூகுள் ஓசிஆர் வழியாக எழுத்தாக்கி விக்கிமூலத்தில் ஏற்றும் பைத்தான் நிரல். அந்த உழைப்புக்குப் பெரிய கும்பிடு. ஆனால் அது லினக்ஸ் ஆட்களுக்கான வடிவம். விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் இருப்பதோ விண்டோஸ். இது ஸ்ரீனிவாசன் மேல் புகார் இல்லை. தனி ஆளாக அவர் செய்தது மலையளவு. பார்த்துக் கைதட்டிய நம்மில் எத்தனை பேர் "மூட்டை கட்டுற வேலையை நான் பார்த்துக்கறேன்" என்று முன்வந்தோம்?

எதிர்ப்பக்கத்து ஆட்களையும் விட்டுவிடக் கூடாது. எக்ஸி ஆக்கினால் நிரலைத் திருட முடியாது என்று நம்பி, பூட்டுப் போடுவதற்காகவே கட்டுகிறவர்கள். ஐயா, உள்ளே இருப்பது பைட்கோடு. மூட்டையைப் பிரித்தெடுக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பைஇன்ஸ்டாலரில் சாவி போட்டு மறைக்கும் ஒரு வசதி இருந்தது. சாவியும் மூட்டைக்குள்ளேயே இருக்கும் பூட்டு! 2023-இல் வந்த 6.0 பதிப்பில் அதையே தூக்கிவிட்டார்கள். மூட்டை கட்டுவது கொடுப்பதற்கு, ஒளிப்பதற்கு இல்லை.

சரி, அந்த மூன்று வாரம்.

கடைசியாக ஒருநாள் எக்ஸி மாமாவின் பொட்டியில் திறந்தது. பழைய நோட்டைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஒரு தறிக்காரர் பெயரில் அட்வான்ஸ் பாக்கி மைனஸில் வந்து நின்றது. நிரலில்தான் தப்பு என்று நான் வியர்த்துப் போனேன். மாமா பக்கத்தைப் புரட்டினார். ஒரே அட்வான்ஸ் இரண்டு பக்கத்தில் எழுதப்பட்டு, இரண்டு தடவை பிடிக்கப்பட்டிருந்தது. இரண்டாவது தடவை பிடித்தது நான் ரோஷமாக இருந்த அந்த மூன்று வாரத்துக்குள்ளே.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தார். பணம் திரும்பிவிட்டது, சரி. ஆனால் பாதிக் கூலியில் அந்த வீட்டில் அந்த வாரம் எப்படி ஓடியது என்று கேட்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. ஓடுகிற நிரல் என் லேப்டாப்பில் சும்மா உட்கார்ந்திருந்தது என்பது அவருக்குத் தெரியவும் தெரியாது.

உங்கள் கிட்ஹப்பிலும் இந்த மாதிரி ஏதோ ஒன்று தறியிலேயே கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அறுத்து மடியுங்கள்.

டிஸ்கி: 3.8-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024-ஓடு நின்றுவிட்டன. விண்டோஸ் 7-க்கு 2020-லேயே ஆதரவு முடிந்தது. மாமா பொட்டியில் நெட் இல்லாததால்தான் துணிந்தேன். நெட் உள்ள பொட்டியில் இதை முயலாதீர்கள், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள் :)