பாஷையைப் பழக்கலாமா?



கடந்த மாதம் ஒரு ஞாயிறு மாலை ஆராதனை முடிந்து, பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில், எங்கள் சபையின் பதினேழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து நின்றாள். "தாத்தா, உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும், அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அன்றைக்கு நான் பேசினது அந்நியபாஷை அல்ல. பக்கத்தில் இருந்த அத்தை பேசினதைக் கேட்டு, அதைப்போலவே சொன்னேன்" என்றாள்.

நடந்தது இதுதான். கோடை விடுமுறையில் வாலிபருக்கென்று மூன்று நாள் உபவாசக் கூட்டம் நடத்தினோம். கடைசி இரவில், அபிஷேகம் பெறாத பிள்ளைகளை முன்னால் முழங்காற்படியிடச் செய்து, "அல்லேலூயா" என்பதை நாவு குழறும்வரை வேகமாய்ச் சொல்லச் சொன்னோம். அப்படிச் சொல்லச் சொன்ன மூப்பர்களில் நானும் ஒருவன். ஒவ்வொருவராய் எழுந்துபோக, கடைசியில் இவள் ஒருத்தியே மீந்திருந்தாள். பின்னால் அவளுடைய தகப்பனார் கண்ணீரோடு நின்றுகொண்டிருந்தார். இரவு பதினொன்றரை மணிக்கு அவள் பேசினாள். சபையார் கைதட்டிக் கர்த்தரைத் துதித்தார்கள். அடுத்த ஞாயிறு அவள் சாட்சி சொன்னாள். தகப்பனார் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். நானும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன்.

"ஏன் இப்பொழுது சொல்லுகிறாய், அம்மா?" என்று கேட்டேன். "கல்லூரியில் ஒரு சிநேகிதி, 'நீங்கள் பேசுவது எந்த பாஷை? ஹிந்தியா, மராத்தியா, உங்கள் தமிழா?' என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை, தாத்தா. அன்றுமுதல் என்னால் ஜெபிக்கவே முடியவில்லை" என்றாள்.

அந்தச் சிநேகிதியின் கேள்வி புதிதல்ல. பெந்தெகொஸ்தே நாளிலேயே சிலர் சீஷர்களைக் குடிவெறியர் என்று பரியாசம்பண்ணினார்கள் (அப். 2:13). சபை முழுவதும் அந்நியபாஷைகளிலே பேசிக்கொண்டிருக்கையில் அவிசுவாசி ஒருவன் உள்ளே வந்தால் உங்களைப் பைத்தியக்காரர் என்று சொல்லமாட்டானா என்று பவுல் கேட்டார் (1 கொரி. 14:23). சந்தேகப்படுகிறவனுடைய காதால் சபை தன் சத்தத்தைத் தானே கேட்டுப்பார்க்கவேண்டும் என்பது அப்போஸ்தலனுடைய போதனை. நாமோ சந்தேகப்படுகிறவனைச் சத்துரு என்று எண்ணி வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். அவன் என்ன சொல்லுகிறான் என்று இன்று கொஞ்சம் கேட்போம்.

1901-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டொபீகா நகரில் சார்லஸ் பார்ஹாம் என்பவருடைய வேதாகமப் பள்ளியில் இந்த எழுப்புதல் தொடங்கியது. ஆவியானவர் அருளுவது உலகத்தின் உண்மையான பாஷைகளே, ஆகையால் மிஷனெரிகள் இனிப் பாஷை கற்கத் தேவையில்லை என்று அவர் போதித்தார். 1906-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் அசூசா தெருவில், வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகரின் தலைமையில் அக்கினி பரவியபோது, அந்த நகரத்துச் செய்தித்தாள் ஏப்ரல் 18-ஆம் தேதி அதைப் பரிகாசமாய் எழுதியது.

அசூசா தெருவில் அபிஷேகம் பெற்ற ஆல்பிரட் கார் என்னும் ஊழியர், தமக்கு வங்காள மொழி அருளப்பட்டதாக நம்பி, மனைவி லில்லியனோடு கல்கத்தாவுக்குப் புறப்பட்டுவந்தார். 1907-இன் தொடக்கத்தில் அங்கே ஊழியம் செய்தார். வங்காளிகளோ அவர் பேசினதை வங்காளமாகப் புரிந்துகொள்ளவில்லை. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னே, 1793-இல் வங்காளத்துக்கு வந்த வில்லியம் கேரி, பண்டிதர்களோடு உட்கார்ந்து அந்த மொழியை எழுத்தெழுத்தாய்க் கற்று, 1801-இல் வங்காளப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். கார் தம்பதியர் மனம் உடைந்து திரும்பிப்போகவில்லை. 1907 அக்டோபரில் ஹாங்காங் சென்று, மோக் லாய் சி என்ற சீன விசுவாசியை மொழிபெயர்ப்பாளராய் வைத்துப் பிரசங்கித்தார்கள். அவர்கள் அனுபவத்தைக் கைவிடவில்லை. அனுபவத்துக்குத் தாங்கள் கொடுத்திருந்த விளக்கத்தைத் திருத்திக்கொண்டார்கள். இந்தத் தாழ்மை நமக்குப் பாடம்.

பின்னாட்களில் கல்விமான்களும் இதை ஆராய்ந்தார்கள். வில்லியம் சமாரின் என்ற மொழியியல் பேராசிரியர் பல சபைகளில் பேசப்பட்டவைகளைக் கேட்டு ஆராய்ந்து, 1972-இல் ஒரு நூல் வெளியிட்டார். பேசுகிறவர் தாம் அறிந்த மொழிகளின் ஓசைகளையே எடுத்து, திரும்பத்திரும்ப அடுக்குகிறார். அதில் ஒரு மொழிக்குரிய இலக்கண அமைப்பு இல்லை என்பது அவருடைய முடிவு. ஆயினும் இது மனநோயல்ல என்றும், பேசுகிறவருக்கு இது பொருளுள்ள பக்தியே என்றும் அவர் எழுதினார். 1986-இல் கனடா நாட்டில் நிக்கோலஸ் ஸ்பேனோஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 60 பேருக்கு இத்தகைய பேச்சை ஒரு நிமிடம் கேட்கச் செய்து, அதுபோல் பேசச் சொன்னார்கள். ஏறக்குறைய 20 சதவீதம் பேர் உடனே சரளமாய்ப் பேசினார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு இரண்டுமுறை பயிற்சியும் உற்சாகமும் கொடுத்தபின், பயிற்சி பெற்றவர்களில் 70 சதவீதம் பேர் பேசினார்கள். அங்கே உபவாசமும் இல்லை, ஜெபமும் இல்லை.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் உபவாசக் கூட்டத்தின் கடைசி இரவு நினைவுக்கு வந்தது. கேட்கச்செய்தல், பேசிக்காட்டுதல், உற்சாகப்படுத்துதல் ஆகிய மூன்றையும் நாங்களும் செய்தோமல்லவா?

இதனால் வரம் பொய்யென்று ஆகிவிடுமா? ஆகாது. ஒன்றைப்போலச் செய்துகாட்டக் கூடும் என்பதினாலே அசல் இல்லையென்று ஆகாது. 2006-இல் ஆண்ட்ரூ நியூபெர்க் என்ற மருத்துவர் அந்நியபாஷையில் ஜெபிக்கும் ஐந்து பெண்களின் மூளையைப் படமெடுத்தார். அவர்கள் பாட்டுப் பாடியபோது இருந்ததைவிட, பாஷை பேசியபோது மூளையின் முன்பகுதியில் செயல்பாடு குறைந்திருந்தது. தாங்களாய்ப் பேசவில்லை என்று அவர்கள் சொன்னதற்கு இது ஒத்திருக்கிறது. ஆனாலும் பேசவைத்தவர் யார் என்பதை எந்தப் படமும் காட்டாது. அதை வேறு அளவுகோலால் அறியவேண்டும். மனுஷர் பாஷைகளையும் தூதர் பாஷைகளையும் பேசினாலும் அன்பில்லாவிட்டால் அது வெறும் ஓசைதான் என்று பவுல் அந்த அளவுகோலை 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தில் தந்திருக்கிறார்.

நானும் அந்நியபாஷையில் ஜெபிக்கிறவன்தான். துக்கத்தில் வார்த்தை அற்றுப்போன நாட்களில் அது என்னைத் தாங்கியிருக்கிறது. ஆனால் அது எனக்குக் கிடைத்ததால் என் அருகில் இருப்பவனுக்கும் அப்படியே கிடைக்கவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? எல்லாரும் பாஷைகளைப் பேசுகிறார்களா என்று பவுல் கேட்கும் கேள்விக்கு (1 கொரி. 12:30) இல்லை என்பதே பதில். அபிஷேகத்தின் முதல் அடையாளத்துக்கும் பிற்பாடு கிடைக்கும் வரத்துக்கும் வேறுபாடு உண்டென்று நம்மில் அநேகர் இதற்கு விளக்கம் சொல்லுகிறோம். அந்த உபதேசத்தை ஒப்புக்கொள்ளாத பெந்தெகொஸ்தே ஊழியர்களும் இருந்தார்கள். தெய்வீகச் சுகத்தைக் குறித்து எழுதிய எப். எப். பாஸ்வொர்த், தாமே பாஷை பேசினவராயிருந்தும், இந்தக் கருத்து வேறுபாட்டினால் 1918-இல் தம்முடைய ஸ்தாபனத்தைவிட்டு விலகினார். 2006-இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் இந்தியா உட்பட 10 நாடுகளில் விசாரித்தபோது, 6 நாடுகளில் பெந்தெகொஸ்தேக்காரரில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல், தாங்கள் ஒருபோதும் அந்நியபாஷையில் பேசினதோ ஜெபித்ததோ இல்லை என்றார்கள். அவர்கள் வாய்திறந்து சொன்னதை, நம் முன்வரிசையில் எத்தனை பேர் சொல்லப் பயந்திருக்கிறார்களோ!

மூப்பர்களுக்கும் பெற்றோருக்கும் மூன்று காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளின் நாவைப் பழக்காதிருங்கள்; ஆவியானவருக்கு நம்முடைய ஒத்திகை தேவையில்லை. பேசினவர்களை ஒரு வரிசையிலும் பேசாதவர்களை ஒரு வரிசையிலும் நிறுத்தாதிருங்கள். சபையில் பேசினால் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், வியாக்கியானம் பண்ணுகிறவன் இல்லாவிட்டால் மௌனம் என்று பவுல் வைத்த ஒழுங்கை (1 கொரி. 14:27, 28) நம்முடைய கூட்டங்களில் மறுபடியும் கைக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளையிடம், "நீ இன்று என்னிடம் சொன்ன உண்மை, அன்றிரவு பேசினதைவிட ஆவியானவருக்கு அதிகப் பிரியம்" என்றேன். இரண்டு வாரம் கழித்து, அவளே கேட்டுக்கொண்டபடி, அவளோடு அவளுடைய வீட்டுக்குப் போனேன். தகப்பனார் மும்பைக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகளாய் இட்லி வியாபாரம் செய்கிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "ஊரைவிட்டு வந்தவர்கள் நாங்கள், ஐயா. இந்தப் பட்டணத்தில் பிள்ளை கையைவிட்டுப் போய்விடுவாளோ என்று பயம். அவள் பேசிவிட்டால் பத்திரம் என்று நினைத்தேன்" என்றார். என்னையும் அந்தப் பயந்தானே அன்றிரவு அவள் தலைமேல் கைவைக்கச் செய்தது!

மூவரும் முழங்காற்படியிட்டோம். அவள் தமிழில் ஆரம்பித்து, வார்த்தை கிடைக்காத இடத்தில் ஹிந்தியைக் கலந்து, தட்டுத்தடுமாறி ஜெபித்தாள். வெகுநாளைக்குப்பின் அவள் செய்த ஜெபம் அது. முடிந்ததும் தகப்பனார் சத்தமாய் "ஆமென்" என்றார். எந்த வியாக்கியானமும் தேவைப்படவில்லை.

இவர்கள் இருவருடைய சம்மதத்தோடு இதை எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படி ஏதாகிலும் சொல்லவேண்டுமென்று காத்திருக்கலாம். கோபிக்காமல் கேளுங்கள். சத்திய ஆவியானவர் தாமே உங்களோடிருப்பாராக.